ஆண் ஈக்கள் தேவை

ஜனவரி 3

தேங்காய் மண்டியில் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பொன்மொழி. இன்றைக்கு 'பொறுத்தார் பூமி ஆள்வார்'. பொறுத்துப் பொறுத்துத்தான் என் தேனீப் பெட்டிகள் இந்தக் கதிக்கு வந்திருக்கின்றன.

காலையில் தோப்பில் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். புழு வளரும் அடை ஒன்றுகூட உருப்படியில்லை. நல்ல ராணி முட்டை வைத்தால் அடை முழுக்க அறைகள் நெருக்கமாக மூடிக் கிடக்கும், விரலை வைக்க இடம் இருக்காது. என் அடைகளில் ஓர் அறை மூடியிருக்கிறது, அடுத்த இரண்டு காலி. நோய் என்றால் நாற்றம் வரும், செத்த புழு கிடக்கும். அதெல்லாம் இல்லை. புழு இருந்த இடம்தான் காலி.

வழக்கம்போல ஆண் ஈ வளரும் அறைகளைக் கத்தியால் சீவி எறிந்தேன். ஆண் ஈ தேன் கொண்டுவராது, கூட்டைப் பெருக்காது, எதிரி வந்தால் கொட்டவும் தெரியாது. தின்னும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "எங்க இனத்து மேல உனக்கு ஏம் புள்ள இத்தனை ஆத்தரம்?" என்றார். தேங்காய் போடும் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 6

தெற்கு மூலையில் ஒரு பெட்டி காலி. ஈக்கள் கூண்டோடு கிளம்பிப் போய்விட்டன. சொல்லிக்கொண்டா போகும்.

ஜனவரி 11

கோயம்புத்தூரிலிருந்து ரெஹானா மேடம் வந்திருந்தார். பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். போன வருஷம் ஆனைமலையில் நடந்த பயிற்சியில் பழக்கம். வந்ததும் டீகூடக் குடிக்காமல் நான்கு பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டியெல்லாம் எங்கிருந்து வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"வாங்குனது ஒண்ணே ஒண்ணுதானுங் மேடம். தங்கமான ஈ. மேல ஏறுனாலும் கொட்டாது. அதையே பிரிச்சுப் பிரிச்சு இத்தனை பண்ணுனேன். சுத்துவட்டாரத்துல எல்லாத் தோட்டத்துக்கும் நான் குடுத்த பெட்டிதானுங்" என்றேன். பெருமை வழிந்தது எனக்கே தெரிந்தது.

"மரப்பொந்துல காட்டு ஈ ஏதாவது?"

"பூராம் பொகை போட்டுத் தொரத்திட்டேனுங். கண்ட ஈயும் வந்து கலந்துச்சுன்னா சாது கொணம் போயிருமில்லீங்?"

"ஆண் ஈ அறைகளையும் வெட்டிடறீங்க."

"ஒண்ணு விடறதில்லீங்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார். ராணி ஈ கூட்டுக்குள் ஆணோடு சேராது. வயதுக்கு வந்ததும் வெளியே பறந்துபோய், ஆகாயத்தில் பத்துப் பதினைந்து ஆண் ஈக்களோடு சேரும், சில சமயம் அதற்கு மேலும். அந்தச் சில நாள் சேர்க்கையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் ஆயுசு முழுக்க முட்டையிடும். என் தோட்டத்து ராணி வெளியே போனால் அங்கே இருப்பது நான் வெட்டாமல் தப்பிய ரெண்டொரு ஆண் ஈ. அதுவும் அவளுடைய அண்ணன் தம்பி. பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்தால் அங்கேயும் என் பெட்டியில் பிறந்த சித்தப்பனும் பெரியப்பனும். அந்த முட்டைகளில் ஏகப்பட்டது கோளாறாகிவிடும். கோளாறான புழுவை வேலைக்கார ஈக்களே கண்டுபிடித்துத் தின்றுவிடும். அதுதான் என் அடையில் இருக்கும் ஓட்டை.

ஆக, சுத்தம் சுத்தம் என்று நானேதான் அழித்திருக்கிறேன்.

கோபத்தில் கேட்டேன், "ஏனுங் மேடம், பொட்டைக்கு ஒருத்தன் போதாதுங்களா? அதென்ன பத்துப் பதினஞ்சு?"

மேடம் சிரித்தார். "இந்தக் கேள்விக்குத்தாங்க நாங்க இன்னும் சம்பளம் வாங்கறோம். பூச்சியில முக்கால்வாசிப் பொம்பளைங்க ஒண்ணோட நிக்கறதில்ல. ரொம்ப காலம் எங்க வாத்தியாருங்களே அதை நம்பல. ஆம்பளைதான் அலையும், பொம்பளை அடங்கிக் கெடக்கும்னு எழுதி வெச்சிருந்தாங்க."

"சரிங், எதுக்குன்னு சொல்லுங்."

"ஒவ்வொண்ணுக்கு ஒரு காரணம். முதல்ல சேர்ந்தது சொத்தையா இருந்தா இன்னொண்ணு இருக்கட்டும்னு சிலது. ஒரு ஜாதிச் சில்வண்டுல ஆண் சாப்பிடறதுக்குக் குடுக்கும், அதுக்காகச் சிலது. தண்ணி மேல ஓடற பூச்சியில, வேண்டாம்னு போராடறதைவிட ஒத்துக்கறது சுலபம்னு சிலது. தேனீக்கு, பல அப்பனுக்குப் பொறந்த பிள்ளைங்க ஒரு கூட்டுல இருந்தா எல்லாமே ஒரே நோயில விழாது. ஒருத்திக்குக் குளிர் தாங்கும், ஒருத்திக்கு வெயில். எல்லாத்துக்கும் ஒரே பதில்னு எங்கிட்ட இல்லீங்க."

பல அப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள். டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருக்கிறது பார்க்க.

ஜனவரி 12

நேற்று எழுதாமல் விட்டது.

மேடம் கிளம்பும்போது வழியும் சொல்லிவிட்டுப் போனார். சொந்தமில்லாத ஆண் ஈக்களை இங்கே கொண்டுவர வேண்டும். முழுசாக வளர்ந்த ஆண் ஈ நிறைய இருக்கிற பெட்டிகளை ஒன்றரை மாதம் தோப்பில் வைத்தால் போதும். என் கெட்ட ராணிகளை எடுத்துவிட்டால் கூட்டமே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். அது வெளியே போகும்போது ஆகாயத்தில் வேற்று ஆண்கள் இருப்பார்கள். மாசி பங்குனிக்குள் இதைச் செய்யாமல் விட்டால் கோடையில் கூட்டம் தாங்காது, மொத்தமும் போய்விடும் என்றார்.

"உடுமலைப் பக்கம் ஒரு பொண்ணு மலை ஈ வெச்சிருக்காங்க. மறையூர்லருந்து கொண்டுவந்தது, கறுப்பா இருக்கும். நர்மதான்னு பேரு. உதவி பண்ற மனசு. நம்பர் தரட்டுமா?"

"குடுங்" என்றேன். வாங்கி வைத்திருக்கிறேன்.

நர்மதா யார் என்று மேடத்துக்குத் தெரியாது. என் அம்மாவுடைய இன்னொரு மகள்.

நாற்பத்தாறு வயதில் இதை எழுத என்ன இருக்கிறது. அப்பா கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்துப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. இரண்டு வருஷம் கழித்து அம்மா உடுமலையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு போனார். "போறவ போகட்டும், எந்தம்பி ரத்தம் எங்கூட்டுல இருக்கட்டும்" என்று பெரியப்பா என்னை வைத்துக்கொண்டார். பெரியம்மா சோறு போட்டார், படிக்க வைத்தார், குறை சொல்ல முடியாது. அம்மா போனது போனதுதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்வரை ஒரு தீபாவளி நோம்பிக்கு ஒரு முழத் துணி அங்கிருந்து வந்ததில்லை. அங்கே நர்மதா என்று ஒரு பெண் பிறந்தது, வளர்ந்து தேனீ வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவுதான் தெரியும். மாடு கத்துகிறது, தண்ணீர் காட்டவில்லை.

ஜனவரி 17

பொங்கல் முடிந்தது. இன்னும் இரண்டு பெட்டி காலி.

இவர் சாப்பிடும்போது சொன்னார்: "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. உனக்கு ஈக்காகவாச்சும் ஆடட்டுமே."

"கறுப்பு ஈ கொட்டும்" என்றேன்.

"உன் மஞ்ச ஈ ஓடிப் போயிருச்சே."

ரசத்தை அவர் இலையில் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினேன்.

ஜனவரி 19

போன் போட்டேன். எடுத்ததும் "அலோ" என்றாள். வைத்துவிட்டேன். அவளே திரும்பக் கூப்பிட்டாள். தேனீ விஷயம், ரெஹானா மேடம் நம்பர் கொடுத்தார், ஆனைமலையிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆனைமலையா என்று ஒருதரம் கேட்டாள். பிறகு, "தமயந்தி அக்காவா பேசறீங்க?" என்று கேட்டாள்.

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. புதன்கிழமை வரச் சொன்னாள். அன்றைக்கு அம்மா பழனிக்குப் போகிறார்களாம். அதை ஏன் சொன்னாள் என்றும் நான் கேட்கவில்லை.

ஜனவரி 22

உடுமலையிலிருந்து டவுன் பஸ், அப்புறம் மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே நடை. ஓட்டு வீடு, பின்னால் கொய்யாத் தோப்பு. தோப்பில்தான் பெட்டிகள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். என் முகவாய் அவளுக்கும் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பிடிக்காத அதே முகவாய். மேலே ஒரு காக்கிச் சட்டை, ஆம்பளைச் சட்டை, கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். முகத்துக்கு வலை. பெட்டி திறந்தாள். மேடம் சொன்னது நிஜம்தான், கறுப்பு ஈ. ஆண் ஈக்கள் குண்டு குண்டாக அடை ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. என்னை இரண்டு இடத்தில் கொட்டியது. அவள் பதறிப்போய்க் கொடுக்கை நகத்தால் வழித்துவிட்டாள்.

"பாத்துங்க்கா. கொஞ்சம் ரோசக்காரங்க. ஆனா சீக்குன்னு படுக்கமாட்டாங்க."

பேச்சை மாற்ற, "சட்டைக்குள்ள இன்னொரு ஆளுக்கும் எடமிருக்குமாட்ட இருக்குதே" என்றேன். கிண்டல்தான். என் நாக்கு அப்படி.

அவள் சிரித்தாள். "இது அப்பாவோடதுங்க. அவரு போயி நாலு வருசமாச்சு. எனக்குச் சின்ன வயசுலருந்தே தொளதொள துணிதானுங்க்கா பழக்கம். நோம்பிக்கு அம்மா ரெண்டு கவுன் எடுப்பாங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உங்களுக்கு. உங்க அளவு தெரியாதில்லீங், அதனால டெய்லர்கிட்ட வயசைச் சொல்லி, ரெண்டு அங்குலம் கூட வெச்சுத் தைக்கச் சொல்வாங்க. அப்பா பஸ்ஸேறிக் கொண்டுபோயி உங்க பெரியப்பா ஊட்டுல குடுத்துட்டு வருவாரு. ஒரு வாரத்துல யார் கைலயாச்சும் திரும்பி வந்துரும். அதைப் பெட்டியில வெச்சிருந்து, நான் வளந்தப்பறம் நான் போட்டுக்குவேன். உங்க துணி போட்டுத்தான் நான் பள்ளிக்கொடம் போனேன்."

சாதாரணமாகச் சொன்னாள். புகைப்பானில் தேங்காய் மட்டையைத் திணித்துக்கொண்டே சொன்னாள்.

பத்துப் பெட்டி தருகிறேன் என்றாள். வாடகை பேசினேன். "அக்கா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். வாடகைப் பேச்சை விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஜனவரி 23

தோசைக்கு ஊறப்போட்டேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 24

வெள்ளைப் பூ போட்ட கவுனாம் ஒன்று. பச்சையில் ஒன்று. இன்று காலை போனில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண் ஈக்கள் எத்தனை நாளில் முதிரும் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? முப்பது வருஷம் கோபத்தை ஆள் மாற்றி வைத்திருந்திருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். இவர் மாட்டைப் பார்க்கப் போவதுபோல எழுந்து வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 2

மினி லாரி விடியும்போது வந்தது. பெட்டி வாசல்களை வலையால் அடைத்து ஏற்றியிருந்தாள் நர்மதா. பெட்டிகள் பின்னால். முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு ஒயர்கூடையோடு அம்மா.

வருவதாக யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா சின்னதாகிப் போயிருந்தார். இறங்கி நின்று, "நல்லாருக்கறயா தமயந்தி" என்றார். "வாங்" என்றேன், வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்குச் சொல்வதுபோல. இவர்தான் ஓடிவந்து கூடையை வாங்கி, "வாங்கத்தே, உள்ள வாங்க" என்றார். அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. கூடையில் கொய்யாப்பழம்.

என் கெட்ட ராணிகளை முந்தாநாளே எடுத்துவிட்டிருந்தேன். கறுப்புப் பெட்டிகளைத் தோப்பு முழுக்கப் பரவலாக வைத்தோம். வேலை முடிந்து இட்லி சாப்பிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அம்மாவிடம் நான் பேசியது மொத்தம், "இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா?"

பிப்ரவரி 13

புது ராணிகள் பிறந்துவிட்டன. மெலிசாக, நீளமாக, ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகின்றன. இவைதான் எனக்கு மிஞ்சிய நம்பிக்கை. இன்னும் சில நாளில் வெளியே பறக்கும். இந்த நேரம் பார்த்துப் பஞ்சுருட்டான் குருவிகள் கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அதுகளுக்கு ராணி, வேலைக்காரி என்ற பேதமில்லை. பறக்கிற ஈயெல்லாம் பலகாரம்.

பிப்ரவரி 17

மத்தியானம் ஒரு ராணி என் கண் எதிரிலேயே வாசலுக்கு வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு எழும்பியது. கம்பியிலிருந்து ஒரு குருவி பாய்ந்தது. அந்தப் பெட்டிக்கு ராணி திரும்பவில்லை.

கல் எறிந்து கை வலிக்கிறது. நானும் இவரும் எத்தனை பக்கம் ஓட முடியும்? நர்மதாவிடம் போனில் புலம்பினேன்.

பிப்ரவரி 18

பஸ்ஸில் அம்மா வந்து இறங்கிவிட்டார். தனியாக. கையில் ஒரு பித்தளைத் தட்டும் கரண்டியும். "நர்மதா ஊட்டுலயும் நான்தான் குருவி ஓட்டறது" என்றார்.

தென்னைக்கு அடியில் உட்காரப் போனவரை இவர் பிடித்து, "அத்தே, தலையில காய் விழுந்தா பழி எம்மேல வரும்" என்று நாற்காலியை வெட்டவெளியில் போட்டுக் குடையும் கட்டிக் கொடுத்தார். டங் டங் என்று அடித்தார் பாருங்கள், பஞ்சுருட்டான் என்ன, பக்கத்துத் தோட்டத்து நாயே ஓடிவிட்டது.

பிப்ரவரி 20

மூன்று நாளாக அம்மா இங்கேதான்.

மத்தியானம் மஞ்சள் ராணி ஒன்று வெளியே போய்த் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பியது. அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன், போயிட்டு வந்தது பத்துலியாமா?" என்றார். சிரிப்பு தாங்கவில்லை எனக்கு. மேடம் சொன்னதெல்லாம் சொன்னேன். சொத்தைக்குப் பதில், சாப்பாட்டுக்காக, நோய்க்காக, போராட முடியாமல். கவனமாகக் கேட்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும் கேட்டுவிட்டேன். "நீங்க எதுக்குங் இன்னொரு கல்யாணம் பண்ணுனீங்?"

சோற்றுக்கு வழியில்லை என்பார், ஊர் வாய்க்குப் பயந்து என்பார், என்னைக் காப்பாற்ற என்பார் என்று ஏதேதோ எதிர்பார்த்திருந்தேன். எதைச் சொன்னாலும் பதில் வைத்திருந்தேன்.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்த மனுசன் கடைக்கு முன்னால நான் போகையில எல்லாம் ஒரு பாட்டை விசிலடிப்பாரு. எனக்குக் கேக்கப் புடிச்சிருந்துச்சு. இருபத்தொம்பது வயசு கண்ணு எனக்கு. தனியா இருக்கப் புடிக்கலை. வேற பெருசா ஒண்ணுமில்ல." பிறகு, "உன்னையும் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்துச்சு. உங்க பெரியப்பன் கதவைச் சாத்திட்டாரு. நாலு தடவை வந்தேன். அஞ்சாவது தடவை வந்திருக்கோணும்" என்றார்.

இருபத்தொன்பது. என் வீட்டுக்காரரின் அக்கா மகளுக்கு இப்போது அந்த வயது. நேற்றுத்தான் ஐஸ்கிரீம் தின்றதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

பிடித்திருந்தது என்பதற்கு என்ன பதில் இருக்கிறது? குருவி ஒன்று வந்தது. நான் தட்டை வாங்கி அடித்தேன்.

மார்ச் 9

பயந்து பயந்து திறந்தேன். முதல் சட்டத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தேன். ஓரம் முதல் ஓரம் வரை மூடிய அறைகள். ஓட்டை இல்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. இரண்டு பெட்டியில் மட்டும் ராணி இல்லை. போகட்டும்.

"ஏனுங், வந்து பாருங்" என்று நான் கத்தியதில், பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார்.

ஆண் ஈ அறைகள் அடை ஓரத்தில் முளைத்திருக்கின்றன. கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன். தின்னட்டும்.

மார்ச் 20

புதுக் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. ஒரே ராணி, ஒரே அடை. ஒன்று மஞ்சள், பக்கத்தில் ஒன்று கறுப்பு, இடையில் புளி நிறத்தில் ஒன்று. வாசலில் ஒன்றுக்கொன்று வாயில் தேன் ஊட்டிக்கொள்கின்றன. உன் அப்பன் யார் என்று ஒன்றும் கேட்பதாகத் தெரியவில்லை.

நர்மதாவுக்குப் போன் போட்டேன். "உங்காளுக எங்கூட்டுல பொறந்துட்டாங்க. வந்ததும் வராததுமா என்னை ஒருத்தி கொட்டியும் போட்டா" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து அம்மா, "யாரது, தமயந்தியா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "நான்தாம்மா" என்றேன், போனுக்குள் கத்தி.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைத் திரும்ப எடுக்க வருகிறார்கள். நாலைந்து பெட்டி இங்கேயே இருக்கட்டும், அதற்குப் பதில் என் சாது ஈயில் நாலைந்து எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 21

இவரோடு பொள்ளாச்சிக்குப் போய்க் காடாத் துணி எடுத்தேன், முகத்துக்கு வலையும். தேனீ பார்க்கும்போது போடுகிற கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்தேன். டெய்லர் நாடாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எனக்கில்லீங். எந்தங்கச்சிக்கு."

"அளவு?"

"ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது" என்றார் இவர், செல்போனை நீட்டியபடி.

நான் வாங்கவில்லை. "அளவு தெரியாதுங். வயசு முப்பத்தஞ்சு. ரெண்டு அங்குலம் கூட வெச்சே தைங்க" என்றேன்.